தாளில் ஒன்று, தளத்தில் ஒன்று!



"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பார்கள். பாலிடெக்னிக்கில் சேர்ந்த நாளிலிருந்து இந்தப் பழமொழியை நம் காதில் போடாத சொந்தக்காரர் உண்டா? ஆனால் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் சாலையில் இருக்கும் எந்தத் தொழிற்சாலைக்குள் போனாலும் இந்தப் பழமொழி செல்லாது. அங்கே ஏட்டில் இருக்கிற சுரைக்காயும் கறியில் வேகிற சுரைக்காயும் ஒன்றாகவே இருந்தாக வேண்டும். ஏடு என்பது ட்ராயிங். கறி என்பது கன்வேயரில் வந்துகொண்டிருக்கும் வண்டி. இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால் போதும். லைன் நிற்கும், போன் அலறும், மெமோ பறக்கும்!

இந்த இடைவெளி எப்படி விழுகிறது? விழுந்தால் யார் தலையில் விடிகிறது? இதைப் பற்றித்தான் நம் மலரில் எழுத ஆசைப்பட்டேன். என் கருத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். ட்ராயிங்கையும் பொருளையும் ஒன்றாக வைத்திருப்பது டிசைன் ஆபீஸ்காரர்களின் வேலை என்று எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் அது டிப்ளமோ படித்தவர்களின் வேலை. அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டியதும் நாம்தான், அதற்குரிய மரியாதையையும் பாதுகாப்பையும் கேட்டு வாங்க வேண்டியதும் நாம்தான்.

ஒரு ட்ராயிங் ஏறும் படிகள்

நம் பகுதியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் சான்ட்ரோ ஓடி வந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ – நிசான் ஆலை திறந்தது. 2012-இல் அதே ஒரகடத்திலிருந்து பாரத்பென்ஸ் லாரிகள் கிளம்பின. வண்டி இங்கே பிறக்கிறது, சரி. அதன் ட்ராயிங் எங்கே பிறக்கிறது? ஹூண்டாயின் பெரிய ஆராய்ச்சிக் கூடம் தென் கொரியாவின் நாம்யாங்கில் இருக்கிறது. ரெனோவுக்குப் பிரான்ஸ், நிசானுக்கு ஜப்பான், பென்ஸ் லாரிக்கு ஜெர்மனி என்று ஆளுக்கொரு தாய்வீடு!

வெளிநாட்டில் பிறந்த ட்ராயிங் இங்கே ஆலைக்கு வருகிறது. ஆலையிலிருந்து நேரடியாகச் சப்ளை செய்யும் வெண்டருக்குப் போகிறது. அவரிடமிருந்து திருமுடிவாக்கம் சிட்கோவிலோ அம்பத்தூரிலோ இருக்கும் சின்னப் பட்டறைக்கு. அங்கிருந்து டூல் ரூமுக்கு, பிளேட்டிங் போடுகிறவருக்கு, கேஜ் செய்து கொடுப்பவருக்கு. ஒரு ஓட்டையை 2 மில்லிமீட்டர் தள்ளிப் போடச் சொன்னால் அந்தச் செய்தி இத்தனை வாசற்படியும் ஏறி இறங்க வேண்டும். ஒரு வாசலில் நின்றுபோனாலும் தீர்ந்தது கதை.

அதோடு முடிந்ததா? ஒரகடத்தில் 2012-இல் ரெனோ டஸ்டர் வந்தது. 2013-இல் அதே ஆலையில் நிசான் டெரானோ வந்தது. அடித்தளம் ஒன்று, முகம் வேறு. எந்த பார்ட் இரண்டுக்கும் பொது, எது ஒன்றுக்கு மட்டும் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பார்ட் நம்பரும் ரிவிஷனும்தான் சொல்லும்.

முன்பெல்லாம் மாஸ்டர் ட்ரேசிங் என்று ஒன்றே ஒன்று டிசைன் ஆபீஸ் அலமாரியில் இருக்கும். அதிலிருந்து அம்மோனியா பிரிண்ட் எடுத்துத் தருவார்கள். புதுப் பிரிண்ட் வேண்டுமா, பழையதைத் திருப்பிக் கொடு என்பது நல்ல டிசைன் ஆபீஸ்களில் சட்டம். இன்றைக்கு பிடிஎஃப் வந்துவிட்டது. மெயிலில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, வாட்ஸ்அப்பில் ஒன்று, சூப்பர்வைசர் போன் கேலரியில் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் ஒன்று! நகல் எடுப்பது சுலபமாகிவிட்டது. பழைய நகலைத் திரும்ப வாங்குவது முடியாத காரியமாகிவிட்டது. ஆபத்து இங்கேதான் ஆரம்பிக்கிறது.

நல்ல பீஸ் ரிஜெக்ட்!

இன்பிளான்ட் ட்ரெய்னிங் போனபோது நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பட்டறையின் பெயர் வேண்டாம். ஷீட் மெட்டல் பிராக்கெட் அடிக்கும் இடம். கஸ்டமர் ரிவிஷன் சி அனுப்பியிருந்தார். ஒரு ஓட்டையின் இடம் 2 மில்லிமீட்டர் மாற்றம். பிரஸ் டூலை ஒழுங்காகத் திருத்திவிட்டார்கள். ஆனால் பீஸைச் சரிபார்க்கும் செக்கிங் ஃபிக்ஸ்ச்சரைத் திருத்த மறந்துவிட்டார்கள். விளைவு என்ன தெரியுமா? புது ட்ராயிங்படி சரியாக வந்த பீஸ் ஃபிக்ஸ்ச்சரில் உட்காரவில்லை. சரியான பீஸ் எல்லாம் சிவப்புத் தொட்டிக்குப் போனது!

நைட் ஷிஃப்டில் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி. டார்கெட்டை முடிக்க வேண்டும், பீஸோ ரிஜெக்ட் ஆகிறது. என்ன செய்வார்? உருண்டை அரத்தை எடுத்து ஓட்டையை லேசாக ராவிவிட்டார். பின் உள்ளே போனது, பீஸ் ஓகே ஆனது, லாட் வண்டியேறியது. கஸ்டமர் லைனில் போல்ட் ஆடியதும் கம்ப்ளைன்ட் வந்தது. ஓட்டையில் அரத்தின் தடம் இருக்கிறது. குற்றவாளி யார் என்று கேட்க வேண்டுமா? "நாளையிலேர்ந்து வர வேணாம்" என்று அந்தத் தொழிலாளியை அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து குவாலிட்டியில் இருந்த ஒரு சீனியர் (அவரும் டிப்ளமோதான்) எங்களைக் கூப்பிட்டார். "பீஸ் தப்பா, ஃபிக்ஸ்ச்சர் தப்பான்னு சண்டை போடாதீங்க தம்பி. நாலையும் கொண்டாந்து ஒரே மேசைல வைங்க" என்றார். ட்ராயிங், புராசஸ் ஷீட், ஃபிக்ஸ்ச்சர், பீஸ் ஆகிய நான்கையும் வைத்தோம். ட்ராயிங்கில் ரிவிஷன் சி. பிளாஸ்டிக் கவரில் மெஷின் மேல் தொங்கிய புராசஸ் ஷீட்டில் ரிவிஷன் பி. ஃபிக்ஸ்ச்சர் தகட்டில் பொறித்திருந்ததும் பி. இரண்டு நிமிஷத்தில் உண்மை வெளியே வந்துவிட்டது. ஃபிக்ஸ்ச்சரைத் திருத்தினார்கள். அனுப்பப்பட்ட தொழிலாளியை யாரும் திரும்பக் கூப்பிட்டதாக எனக்குத் தெரியவில்லை.

அவர் ராவியது தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் கையில் அரத்தை எடுக்க வைத்தது எது? தாளும் தளமும் வேறுவேறாகக் கிடந்தது அல்லவா?

பெரிய கம்பெனிகள் மட்டும் தப்பினவா?

'இது சின்னப் பட்டறைச் சமாச்சாரம், பெரிய இடத்தில் இப்படி நடக்காது' என்று நினைத்தால் அது பெரிய தப்பு.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கதையைக் கேளுங்கள். ஷெவர்லே கோபால்ட் முதலிய கார்களில் சாவி போடும் இக்னிஷன் சுவிட்ச் இருக்கவேண்டியதைவிட லூசாக இருந்தது. சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ, முழங்கால் இடித்தாலோ ஓடும்போதே சுவிட்ச் நழுவி எஞ்சின் அணைந்துவிடும். பவர் ஸ்டியரிங் போய்விடும், ஏர்பேக்கும் விரியாது. 2006-இல் ஒரு டிசைன் மாற்றத்துக்கு ஒப்புதல் தந்து, சுவிட்சுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கையும் பிளஞ்சரையும் மாற்றிவிட்டார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் பார்ட் நம்பரை மாற்றவில்லை! பழைய சுவிட்சுக்கும் புது சுவிட்சுக்கும் ஒரே நம்பர்.

அப்புறம் விபத்துகளை ஆராய்ந்தவர்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முந்தைய வருட கார்களில் விபத்து அதிகம், பிந்தைய வருட கார்களில் குறைவு. சுவிட்சோ ஒன்றே என்று ரெக்கார்டு சொல்கிறது. ஒரு வழக்குக்காக அமர்த்தப்பட்ட வெளி எஞ்சினியர் ஒருவர் பழைய சுவிட்சையும் புதிய சுவிட்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. 2014-இல் சுமார் 26 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். நஷ்டஈட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124. பார்ட் நம்பரின் கடைசியில் ஓர் எழுத்து மாறியிருந்தால் சந்தேகம் பல வருடம் முன்பே தீர்ந்திருக்கும்!

அடுத்தது ஏர்பஸ் ஏ380 விமானம். ஒரு விமானத்துக்குள் ஏறக்குறைய 530 கிலோமீட்டர் வயர். ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலும் பிரான்சின் துலூஸிலும் இருந்தவர்கள் ஒரே டிசைன் சாஃப்ட்வேரின் இரண்டு வெவ்வேறு பதிப்புகளில் வேலை செய்தார்கள். அந்த சாஃப்ட்வேரின் பெயர் 'கேட்டியா'. பெயரே கேள்வியாக இருந்தும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை பாருங்கள்! ஹாம்பர்க்கில் தயாரான வயர்க் கட்டுகளைத் துலூஸில் மாட்டப்போனால் நீளம் போதவில்லை. டெலிவரி மாதக்கணக்கில் தள்ளிப்போனது. 2006 ஜூலையில் இரண்டு பெரிய தலைவர்கள் பதவி விலகினார்கள். முதல் விமானம் 2007 அக்டோபரில்தான் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

மற்ற துறை நண்பர்களுக்கும்தான்!

'இதெல்லாம் மெக்கானிக்கல்காரர்கள் பாடு' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்.

சிவில் நண்பர்களே, 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் ஹயாத் ரீஜென்சி ஓட்டலில் தொங்கு நடைபாலங்கள் இடிந்து 114 பேர் இறந்தார்கள். முதல் டிசைனில், மேலே கூரையிலிருந்து வரும் நீளமான ஒரே கம்பியில் நான்காம் மாடிப் பாலமும் இரண்டாம் மாடிப் பாலமும் தனித்தனியாகத் தொங்கவேண்டும். வேலையைச் சுலபமாக்க அதை இரண்டு துண்டுக் கம்பிகளாக மாற்றினார்கள். கீழ்ப்பாலம் மேல்பாலத்திலேயே தொங்கியது. ஒரே கயிற்றை இரண்டு பேர் தனித்தனியாகப் பிடித்துத் தொங்குவது ஒன்று. ஒருவன் கயிற்றைப் பிடிக்க, இன்னொருவன் அவன் காலைப் பிடித்துத் தொங்குவது வேறு. மேலே இருப்பவன் பிடிக்கு இரட்டை பாரம்! பேப்பரில் மாற்றம் ஏறியது, கணக்கை மட்டும் யாரும் மறுபடி போடவில்லை.

எலெக்ட்ரிக்கல் நண்பர்களே, பேனலில் இருக்கும் பிஎல்சி புரோகிராமை நள்ளிரவு பிரேக்டவுனில் லேப்டாப் மாட்டித் திருத்திவிடுகிறோம். மெஷின் ஓடுகிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள். பேக்கப்பில் அந்தத் திருத்தத்தை ஏற்றினோமா? மூன்று வருடம் கழித்து அந்த சிபியு போய்விட்டால் பழைய பேக்கப்பைத்தான் ஏற்றுவார்கள். அன்று அடக்கிய கோளாறு அத்தனையும் மறுபடி தலைதூக்கும். கம்ப்யூட்டர் நண்பர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். சர்வரில் ஓடுவது ஒரு கோட், ஃபோல்டரில் இருப்பது ஒரு கோட் என்றால் என்ன ஆகும் என்று அவர்களே பாடம் எடுப்பார்கள்.

"அதான் ஐஎஸ்ஓ இருக்கே!"

இப்படிச் சொல்லும் நண்பர்களும் உண்டு. இருக்கிறது, நான் இல்லையென்று சொல்லவில்லை. வாகனத் தொழிலுக்கென்றே ஐஏடிஎஃப் 16949 என்ற தரம் 2016-இல் வந்தது. கஸ்டமரிடமிருந்து மாற்றம் வந்தால் 10 வேலை நாட்களுக்குள் பரிசீலிக்கச் சொல்கிறது அது. புதிய பார்ட்டுக்கு ஒப்புதல் வாங்கும் பிபேப் ஃபைலில் 18 அம்சங்கள். அதில் முதலாவது டிசைன் ரெக்கார்டு, இரண்டாவது மாற்றத்துக்கான அனுமதிக் காகிதம். அரசாங்கமும் சும்மா இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள்படி புது மாடல் வண்டியைச் சோதித்துச் சான்று தரும் நிலையங்களில் ஒன்று நம் ஒரகடத்திலேயே இருக்கிறது. சான்று வாங்கியதோடு விட்டுவிடுவதும் இல்லை. பிற்பாடு தயாரிப்பிலிருந்து எடுத்து, அன்று ஒப்புதல் வாங்கியதும் இன்று ஓடிவருவதும் ஒன்றுதானா என்று பார்ப்பதற்கும் விதி இருக்கிறது.

ஆக, விதிக்குப் பஞ்சமில்லை. பெரிய கம்பெனிகளில் லட்சக்கணக்கில் செலவழித்த சாஃப்ட்வேரும் உண்டு. ஆனால் அந்த சாஃப்ட்வேர் பெரும்பாலும் கம்பெனி கேட்டோடு நின்றுவிடுகிறது. கேட்டுக்கு வெளியே, மூன்றாவது நான்காவது வாசற்படியில், பிளாஸ்டிக் கவரில் தொங்கும் காகிதம்தான் சட்டம். அந்தக் காகிதத்துக்கு முன்னால் நிற்பது யார்? நாம்!

யார் தலையில்?

இங்கேதான் என் ஆதங்கம். டிசைன் ஆபீஸுக்குத் தாள் தெரியும், இரும்பு அவ்வளவாகத் தெரியாது. ஆபரேட்டருக்கு இரும்பு தெரியும், தாள் எல்லோருக்கும் தெரியாது. இரண்டும் தெரிந்தவர் என்று நம்பித்தான் டிப்ளமோ படித்தவரை நடுவில் நிறுத்துகிறார்கள். 'இந்த டை கொஞ்சம் இழுக்கும், அரை மில்லி சேர்த்து வை', 'இந்த ட்ராயிங்ல இருக்கிற டாலரன்ஸ் வராது, இப்படிச் செட் பண்ணு' என்கிற நுணுக்கமெல்லாம் நாள்பட நம் தலையில் சேர்கிறது. ட்ராயிங்கில் அது ஏறுவதில்லை.

சரி, அந்தத் தலை எத்தனை நாள் அங்கே இருக்கும்? டெக்னீசியன் அப்ரன்டிஸ் என்றால் ஒரு வருடம். அப்புறம் கையில் சர்டிபிகேட், வெளியே பஸ் ஸ்டாப். கான்ட்ராக்ட் என்றால் அந்த உத்தரவாதமும் இல்லை. ஆளை அனுப்பும்போது அவர் தலையில் இருந்த பாதி ட்ராயிங்கையும் சேர்த்து அனுப்பிவிடுகிறார்கள்! அடுத்து வருகிற தம்பியோ தங்கையோ பழைய தாளை நம்பி மெஷினை ஓட்டுவார்கள். ரிஜெக்ஷன் வரும். பழி அவர்கள் மேல் விழும்.

எழுதி வைத்துவிட்டுப் போகலாமே என்பீர்கள். ஏன் எழுதுவதில்லை? பயம். "எழுதினா மாட்டிக்குவே, வாயை மூடிட்டு ஓட்டு" என்று சீனியர்களே சொல்லிக்கொடுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தவறைக் காட்டியவனுக்கே மெமோ வந்ததை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். தப்பைச் சொன்னவன் தண்டனை பெறுகிற இடத்தில் ட்ராயிங் ஒருநாளும் உண்மை பேசாது. எந்த சாஃப்ட்வேர் வந்தாலும் பேசாது.

என்ன செய்யலாம்?

நம் கையில் இருப்பதை முதலில் சொல்கிறேன். வேலைக்குப் போன முதல் நாளிலிருந்து, லாட் தொடங்குமுன் அந்த நான்கையும் ஒரே மேசையில் வைத்து ரிவிஷனைப் பார்ப்போம்: ட்ராயிங், புராசஸ் ஷீட், ஃபிக்ஸ்ச்சர், பீஸ். இரண்டு நிமிஷ வேலை. பழைய பிரிண்ட் கண்ணில் பட்டால் ஓரமாக வைக்காமல் 'செல்லாது' என்று முத்திரை குத்தி ஆபீஸுக்கே திருப்பி அனுப்புவோம். ஓரமாக வைத்த காகிதம் என்றைக்காவது ஒரு நைட் ஷிஃப்டில் திரும்பி வரும். தளத்தில் ஒன்றை மாற்றினால் சிவப்பு மையில் தேதியும் பெயரும் போட்டு டிசைன் ஆபீஸுக்குக் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குவோம். கையெழுத்து வாங்குவது மரியாதைக்குறைவு ஆகாது. நாளைக்கு நம்மைக் காப்பாற்றப்போவதே அதுதான்.

கம்பெனிகளிடம் கேட்க வேண்டியது இரண்டு. சிவப்பு மையில் போன காகிதத்துக்கு இத்தனை நாளுக்குள் 'சரி' அல்லது 'கூடாது' என்று பதில் வர வேண்டும். தவறைக் காட்டியவர் மேல் நடவடிக்கை இல்லை என்று நோட்டீஸ் போர்டில் எழுதிப் போட வேண்டும். அப்ரன்டிஸாக இருந்தாலும் கான்ட்ராக்டாக இருந்தாலும் இது பொருந்த வேண்டும்.

நம் கல்லூரியிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. முதல் வருடம் மினி டிராஃப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைந்தோம். ஷீட்டின் வலது கீழ் மூலையில் டைட்டில் பிளாக் போட்டு பெயர், ரோல் நம்பர், ஸ்கேல் எல்லாம் அழகாக எழுதினோம். ரிவிஷன் கட்டத்தில் ஒரு நாளாவது ஓர் எழுத்து எழுதினோமா? கல்லூரியில் நாம் போடுகிற ஷீட் ஒருமுறை கையெழுத்தானால் மாறவே மாறாது. கம்பெனியில் மாறாத ட்ராயிங்கே கிடையாது. இந்த வித்தியாசத்தை வேலைக்குப் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

ஃபிட்டிங் லேபில் 'வி' ஜாயின்ட் போடுகிறோம் அல்லவா? பாதி ராவிக்கொண்டிருக்கும்போது சார் வந்து ரிவிஷன் பி என்று புது ட்ராயிங் ஒன்றை நீட்டட்டும். ஒரு பேட்சுக்கு மட்டும் கொடுத்து, அடுத்த பேட்சுக்கு அவர்கள் மூலமாகச் சொல்லச் சொல்லட்டும். ஜோடி சேர்கிறதா பார்ப்போம்! சேராவிட்டால் எந்த இடத்தில் செய்தி நின்றது என்று நாமே தேடிக் கண்டுபிடிப்போம். புது மெஷின் வேண்டாம், புது பட்ஜெட் வேண்டாம். ஒரு மதிய நேர லேப் போதும். வருகிற கல்வியாண்டில் இந்த ஒரு பயிற்சியை எல்லாத் துறையிலும் வைக்கும்படி நம் மாணவர் சங்கம் முதல்வர் அவர்களிடம் மனு கொடுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. இரண்டாவது யாருடையது நண்பர்களே?

— மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை